பருத்தி கொல்லுமாம், பெரியப்பா!

லாங்மான்ட், கொலராடோ
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். என் இடது முட்டியும், இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஓர் இடமும் தவிர. அந்த இடத்துக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் பெரியம்மா மேற்கொண்டு படிக்காமல் நேராக போனை எடுத்துவிடுவார்.

வியாழக்கிழமை போனில், "சனிக்கிழமை மலைக்குப் போறனுங்க, நல்லா பனி பெஞ்சு கெடக்குது" என்றேன். நீங்கள் கேட்டீர்கள்: "அங்க என்ன சாமி?"

"சாமியெல்லாம் இல்லீங்க."

"வேண்டுதலா?"

"இல்லீங்க பெரியப்பா."

"அப்பறம் எதுக்குக் கண்ணு?"

அந்த இடத்தில் லைன் கட்டானது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, நான்தான் அமுக்கினேன். கையில் பதில் இல்லை. போய்விட்டு வந்தால் பதில் கிடைக்கும், விவரமாகக் கடிதமே எழுதிவிடலாம் என்று இருந்துவிட்டேன். உங்களுக்கும் போனில் பேசுவது காற்றோடு போய்விடும், தாளில் இருந்தால்தான் நாலு பேரிடம் படித்துக் காட்ட முடியும்.

இந்த ஊரில் திங்கட்கிழமை காலை ஆபீசில் எல்லோரும் எல்லோரையும் ஒரு கேள்வி கேட்பார்கள்: சனி ஞாயிறு என்ன செய்தாய்? ஒருவன் பாறை ஏறியிருப்பான். ஒருத்தி நாற்பது மைல் சைக்கிள் மிதித்திருப்பாள். நான் தொடர்ந்து மூன்று வாரம் "துணி துவைத்தேன்" என்று சொல்லிவிட்டேன். நாலாவது வாரமும் சொன்னால் இவனுக்கு எத்தனை துணி இருக்கிறது என்ற சந்தேகம் வந்துவிடும். திருப்பூர்க்காரன் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன்.

கூட்டிக்கொண்டு போனது பக்கத்து வீட்டு அம்மா. வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வயதில் எவ்வளவு பெரியவரானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவரே பத்துத் தடவை சொல்லிவிட்டார், எனக்கு வாய் வரவில்லை. "டீச்சர்" என்று கூப்பிட்டு இரண்டு வருஷமாகச் சமாளிக்கிறேன். மூன்றாவது ஆள், ஆபீசில் என்னோடு இருக்கும் மதுரைக்காரர். நாலாவதாக உங்கள் மருமகளையும் கூப்பிட்டுப் பார்த்தேன். "ஃப்ரீசரைத் திறந்து வெக்கறேன், முன்னாடி ரெண்டு மணி நேரம் நின்னுக்கோங்க, பெட்ரோலாவது மிச்சம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்து, நான் போட்டுக்கொண்டு போகப்போகிற துணிகளை சோபாவில் பரப்பி வைக்கச் சொன்னார். நிச்சயதார்த்தத்தில் சீர்த்தட்டைப் பார்க்கும் சம்பந்தியம்மா மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். டீ-சர்ட்டை விரலால் நெருடினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "காட்டன் கில்ஸ்." பருத்தி கொல்லும்!

திருப்பூர்க்காரன் மூஞ்சிக்கு நேராக, பெரியப்பா! நாற்பது வருஷம் கட்டிங் டேபிளில் நின்ற உங்கள் தம்பி மகனிடம்! நம்மூர்க் காதர்பேட்டையில் நின்று இதைச் சொல்லியிருந்தால் டீச்சர் அந்தத் தெருவின் அடுத்த முனையைப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் அவர் விளக்கம் சொன்னபோது வாயை மூடிக்கொள்ளும்படி ஆயிற்று. வியர்வையை உறிஞ்சும் என்று சொல்லித்தானே நாம் பனியனை விற்கிறோம்? பருத்தி மேல் இவர்கள் வைக்கும் குற்றச்சாட்டும் அதேதான். உறிஞ்சும், உறிஞ்சியதை விடாது. மேலே ஏறும்போது வியர்க்கிறது. நின்றதும் அந்த ஈரம் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுக்க ஆரம்பிக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துமாம். குளிரில் மாட்டிக்கொள்கிற ஆளைக் குளிர் வெளியிலிருந்து வந்து பிடிப்பதில்லை, அவன் வியர்வைதான் உள்ளிருந்து காட்டிக் கொடுக்கிறது என்றார். அதனால் ஒட்டினாற்போல் ஒன்று பாலியஸ்டரிலோ ஆட்டு ரோமத்திலோ, அதன் மேல் சூட்டுக்கு ஒன்று, அதற்கும் மேல் காற்றைத் தடுக்க ஒன்று. வெங்காயம் மாதிரி உரித்து உரித்துப் போட வேண்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டுமாம். கிளம்பும்போதே கதகதப்பாக இருக்கிறவன் அரை மைலில் நனைந்துவிடுவான்.

கடைக்குப் போய் எல்லாம் வாங்கினேன். சட்டையைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்தேன், பழக்க தோஷம். ஃபிளாட்லாக் சுத்தமாக இருந்தது. நூல் எங்கேயும் தொங்கவில்லை. விலைச் சீட்டைப் பார்த்தபோதுதான் மூச்சு வாங்கியது. மலையில் வாங்க வேண்டிய மூச்சில் பாதியை அங்கேயே வாங்கிவிட்டேன்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. அந்தப் புது பாலியஸ்டரை எடுத்துக் கழுத்தில் மாட்டினால் பாம்பைத் தொட்டது போல ஜில்லென்று இருந்தது. பக்கத்திலேயே, போன ஆடிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய கை வைத்த பனியன், பஞ்சு மாதிரி, மடிப்புக்கூடக் கலையாமல். யாருக்குத் தெரியப்போகிறது? அதைப் போட்டு, அதன் மேல் மற்ற இரண்டு அடுக்கையும் போட்டுக்கொண்டேன். விசுவாசம்தான், வேறென்ன.

எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் பெரிய மலைக்கு லாங்ஸ் பீக் என்று பெயர். 4,300 மீட்டருக்கு மேல். அந்த மலையை வைத்துத்தான் இந்த ஊருக்கே பெயர். காரில் போகும்போது டீச்சர் ஒரு கதை சொன்னார். 1873இல் இசபெல்லா பேர்ட் என்று ஓர் ஆங்கிலேய அம்மா தன்னந்தனியாக இந்தப் பக்கம் வந்து, இதே இலையுதிர்காலத்தில், அந்த உச்சிக்கு ஏறியிருக்கிறார். ஏறினார் என்று சொல்வதைவிட, மலை ஜிம் என்று ஒரு ஒற்றைக்கண் வேட்டைக்காரன் அவரை மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு போனான் என்பதுதான் சரி. அதை அவரே மறைக்காமல் ஊரில் இருந்த தங்கைக்குக் கடிதத்தில் எழுதிவிட்டார். அந்தக் கடிதங்கள் 1879இல் புத்தகமாக வந்து இன்றைக்கும் விற்கிறதாம். அந்தம்மாவுக்கும் வேண்டுதல் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் தங்கை உங்களை மாதிரிக் கேள்வி கேட்கவில்லை போலிருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் எஸ்டஸ் பார்க் என்கிற ஊர். உயரம் ஏறக்குறைய நம் ஊட்டி. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் எல்க் மான்கள், ஒவ்வொன்றும் நம் காங்கேயம் காளை அளவுக்கு, ரோட்டின் நடுவில் அசை போட்டுக்கொண்டு நிற்கின்றன. இரண்டு பக்கமும் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. நான்தான் பழக்கத்தில் கண்ணாடியை இறக்கி "ஹேய், ஹேய், ஓட்றா" என்றேன். அது திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் அசை போட்டது. அவிநாசி ரோட்டு மாடு பார்க்கிற அதே பார்வை. கொஞ்சம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஊரில் ஒரு கடையில் பூட்ஸுக்கு முள்சங்கிலி வாடகைக்கு எடுத்தோம். ரப்பர் வளையம், அதில் சங்கிலி, சங்கிலியில் இரும்புப் பற்கள். பூட்ஸின் மேல் இழுத்து மாட்டிக்கொண்டால் ஐஸில் வழுக்காது. மலைக்குப் போய், கார் நிறுத்துமிடத்தில் நான் அதை மாட்டிக்கொண்டு சலக்கு சலக்கு என்று நாலு எட்டு வைத்ததும், "ரேக்ளாவுக்குக் கட்டுன மாடு மாதிரி இருக்கீங்க அண்ணே" என்றார் மதுரைக்காரர்.

அந்தக் கார் நிறுத்துமிடம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேர் லேக் என்று ஓர் ஏரி, அதாவது கரடி ஏரி. கரடிகள் இந்தச் சமயத்தில் குகையில் படுத்துவிடும் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் நான் கதவைத் திறந்தேன். அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,880 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. ஆக, ஆனைமுடிக்கு மேலே காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்துதான் மலையேற்றத்தையே ஆரம்பிக்கிறார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. நான் நடுங்கிக்கொண்டே "என்னங்க டீச்சர், இப்படி ஒரு குளிர்காலம்" என்றேன். "இது குளிர்காலம் இல்லை. டிசம்பர் 21 வரைக்கும் இலையுதிர்காலம்தான்" என்று திருத்தினார். இலையெல்லாம் எப்போதோ உதிர்ந்து, அதன் மேல் ஓரடிப் பனி விழுந்து, மரத்தில் உதிர்வதற்கு இனிப் பட்டைதான் பாக்கி. காலண்டருக்கு மட்டும் சேதி போகவில்லை.

பெரியப்பா, இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். நாங்கள் போய்ச் சேர வேண்டிய எமரால்ட் ஏரி அங்கிருந்து 1.8 மைல். மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஏற்றம் மொத்தமே இருநூறு மீட்டர்தான். பூண்டியிலிருந்து மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ஏழு மலையும் ஏறி, வெள்ளியங்கிரி ஆண்டவரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே இறங்கிய உங்களுக்கு இது பல் விளக்கிக்கொண்டே நடக்கிற தூரம். ஆனால் அந்த உயரத்தில் காற்று கடலோரத்தில் இருப்பதில் எழுபது சதவீதம்தான். முப்பது சதவீதத் தள்ளுபடி, அதுவும் கேட்காமலே. நாலு எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிறது. கீழே பார்த்தால் மூவாயிரம் பேர் மிதித்து மிதித்து இறுக்கிய பனி, அம்மிக்கல் மாதிரி வழவழவென்று. இரண்டு பக்கமும் பார்த்தால் மெத்து மெத்தென்று பொங்கல் பானை நுரை மாதிரி. அந்த மெத்தை நம்பி ஓரமாக ஒதுங்கினேன். காரணம் கேட்காதீர்கள், காலையில் குடித்த காப்பிதான். முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. காலை எடுத்தால் கால் வந்தது, முள்சங்கிலி வரவில்லை. பனிக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தேன். முட்டி அப்போது பிசகியதுதான்.

ஒன்று ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பன்னிரண்டு வயதில் நீங்கள் என்னை வெள்ளியங்கிரிக்குக் கூட்டிப் போனீர்கள். முதல் மலைப் படியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே இறங்கி வருகிறவர்களிடமெல்லாம் "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்பேன். ஒருத்தர் விடாமல் ஒரே பதில்: "இதோ வந்துருச்சு சாமி, அடுத்த திருப்பந்தான்." அந்த அடுத்த திருப்பம் ஏழு மலைக்கும் சேர்த்து ஒன்றுதான் என்று விடியும்போதுதான் தெரிந்தது. கைத்தட்டிச் சுனையில் தண்ணீர் குடிக்கும்போது "எல்லாரும் பொய் சொல்றாங்க பெரியப்பா" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே தடியால் மேலே காட்டினீர்கள்: "இதோ, அடுத்த திருப்பந்தான்."

இங்கே அப்படி இல்லை. நிம்ஃப் ஏரி என்று முதலில் ஒரு குட்டை. அல்லிக் கொடி படரும் குட்டையாம், அதனால்தான் அந்தப் பெயர். நாங்கள் பார்த்தது வெள்ளைத் தட்டு ஒன்று, அவ்வளவுதான். அதைத் தாண்டி ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நிற்கும்போது மேலிருந்து ஒரு பையன் குதித்துக் குதித்து இறங்கி வந்தான். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டினான். "அடுத்த ஏரிக்குப் புள்ளி ஐந்து மைல். நூற்றெண்பது அடி ஏற்றம். கடைசித் திருப்பத்தில் வெறும் ஐஸ். அதற்கு மேல் காற்று" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருந்த கொஞ்சத் தெம்பும் போயிற்று. உண்மை சொல்கிறவர்களால் மலை ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவன் சொன்ன காற்று, ட்ரீம் ஏரிக்கரையில் எங்களுக்காகக் காத்திருந்தது. பெயர்தான் கனவு ஏரி. மேலே மலைகளுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகக் காற்று லாரி மாதிரி இறங்கி வருகிறது. ஏரி முழுக்க உறைந்து, அதன் மேல் பனித்தூள் மாவு மில்லில் பறப்பது போலப் பறக்கிறது. கரையோரப் பைன் மரங்கள் அந்தக் காற்றுக்குப் பயந்து பயந்தே முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. ஏறி வந்த சூட்டில் நான் ஜிப்பை இறக்கி நின்றேன். அவ்வளவுதான். முதுகில் யாரோ ஈரச் சாக்கைப் போர்த்திய மாதிரி இருந்தது. அரை நிமிஷத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. மதுரைக்காரர் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார். "வர்றேன்" என்று சொல்ல நினைத்தேன். "வ்வ்வ்" என்று மட்டும் வந்தது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் பிட் வைத்திருப்பவனை மூன்றாவது பெஞ்சிலிருந்தே கண்டுபிடிக்கிற கண். "உள்ளே என்ன போட்டிருக்கிறாய்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். பல் ஒத்துழைக்கவில்லை. "ப-ப-பனியன்" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்துவிட்டது. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடு என்றார். தொட்டேன், தேடிப் பிடித்துத்தான் தொட வேண்டியிருந்தது. தொட முடியாவிட்டால் அடுத்ததாக நாக்கு குழறும், அப்புறம் குளிரைப் பற்றியே கவலை இல்லாமல் போய்விடும், கவலை போவதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம் என்று பாடம் நடத்திக்கொண்டே தன் பையைத் திறந்தார். எழுபத்தொரு வயதில் அவர் முதுகில் ஒரு மளிகைக் கடையே இருக்கிறது. அதிலிருந்து உலர்ந்த கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்தார். அவருடையது. ஊதாக் கலர். மார்பில் வெள்ளைப் பூ.

"இப்போதே மாற்று."

"இங்கேயா?"

"இங்கேயேதான்."

ஒரு பாறை மறைவு. மதுரைக்காரர் தன் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தார், தீபாவளிக் கூட்டத்தில் ஜவுளிக்கடைக்காரன் திரை பிடிப்பது போல. மூவாயிரம் மீட்டர் உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே ஏதோ ஒரு டிகிரியில், உங்கள் மகன் வெற்றுடம்போடு நின்றான். ஐந்து விநாடி இருக்கும். முதுகிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. "அண்ணே, இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி இருக்குண்ணே" என்றார் அவர். ஜாக்கெட் லேசாக ஆடியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பக்கமாகப் போன நாலு பேர் ஒன்றும் நடக்காதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

ஊதாச் சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆனால் மேலே மற்ற இரண்டு அடுக்கையும் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் வேகமாக நடந்ததும் உயிர் வந்தது. ஆட்டு ரோமம் என்று ஏளனமாக நினைத்தேன், பெரியப்பா. அது வேறு சங்கதி. நனைந்தாலும் சூட்டை விடுவதில்லையாம். நாம் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை?

நம் பனியனை டீச்சர் என் பையின் பின்னால் கொக்கியில் மாட்டிவிட்டார். அடுத்த ஏரிக்குப் போவதற்குள் அது உறைந்து, இரண்டு கையும் விரித்தபடி, கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டியைப் போல விறைத்துக்கொண்டு நின்றது. மதுரைக்காரர் விரலை மடக்கித் தட்டினார். டொக் டொக். பின்னால் வந்தவர்களெல்லாம் என் முதுகில் யாரோ ஒட்டிக்கொண்டு சரணடைகிற மாதிரி ஒரு சின்ன வெள்ளை மனிதனைப் பார்த்தபடியே வந்திருக்கிறார்கள்.

எமரால்ட் ஏரி, 3,080 மீட்டர். மரகதம் எல்லாம் வெயில்காலத்தில்தானாம். அன்றைக்கு வெண்பளிங்கு. பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஏரிக்கு அப்பால் ஹேலட் சிகரம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் டிண்டால் பனியாறு. பள்ளிக்கூடத்தில் டிண்டால் விளைவு என்று படித்தோமே, ஒளிச்சிதறல், அதே விஞ்ஞானியின் பெயர். வானம் அன்றைக்கு நீலம் போட்ட மாதிரி இருந்தது. நீலம் என்றால் சொட்டு நீலத்தை டப்பாவோடு கவிழ்த்த நீலம். பனிக்கட்டிக்கு அடியிலிருந்து அவ்வப்போது "ம்ம்ங்" என்று ஒரு முனகல் வந்தது. ஐஸ் விரிவதும் சுருங்குவதுமான சத்தம் என்றார் டீச்சர். பாட்டி கட்டிலில் திரும்பிப் படுப்பது போல இருந்தது எனக்கு.

சாப்பாடு. உங்கள் மருமகள் கட்டிக்கொடுத்த தக்காளி சாதம் டப்பாவின் வடிவத்திலேயே வெளியே வந்தது. கத்தி இருந்திருந்தால் துண்டு போட்டிருக்கலாம். தண்ணீர் பாட்டிலின் வாய் அடைத்துக்கொண்டது. டீச்சருடைய பாட்டிலில் மட்டும் தண்ணீர் வந்தது. அவர் பாட்டிலைத் தலைகீழாக வைத்திருந்தார். மேலேதான் முதலில் உறையும், கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் உறையும், வாய் திறந்திருக்கும். எவ்வளவு எளிமையான புத்தி பாருங்கள். என் போன் அறுபத்திரண்டு சதவீதம் சார்ஜ் காட்டிவிட்டு, ஒரே ஒரு படம் எடுத்ததும் உயிரை விட்டது. குளிரில் பேட்டரி அப்படித்தானாம். அதனால்தான் உங்களுக்கு ஒரே ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். அதிலும் தெரிவது என் கட்டைவிரல்.

அப்போது மதுரைக்காரர் பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்தார். காப்பி என்று நினைத்தேன். திறந்தார். ரசம்! மிளகு ரசம், பெரியப்பா, பூண்டு தட்டிப் போட்டது, ஆவி பறக்க. அந்த மனிதரை அந்த நிமிஷமே தத்தெடுத்துக்கொண்டேன். டீச்சர் ஒரு மூடி குடித்தார். கண்ணில் நீர். மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொண்டு இன்னொரு மூடி கேட்டார். "இதை வைத்துக்கொண்டா கம்பளியைப் பற்றி நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?" என்றார்.

தீபாவளி முறுக்கு கொஞ்சம் இருந்தது. ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தோளைத் தாண்டி ஏதோ வந்தது. முறுக்கு போயிற்று. எதிரே கிளையில் சாம்பல் நிறத்தில் ஒரு பறவை, கனடா ஜே என்று பெயர், சாதுவான முகம், வாயில் என் முறுக்கு. அமாவாசைக்குச் சோறு வைத்துக் கா கா என்று கத்தினாலும் வராத காக்கையைப் பார்த்தவன் நான். இது கூப்பிடாமலே வருகிறது. இந்தக் காட்டில் பறவைக்கும் விலங்குக்கும் தீனி போடக்கூடாது என்பது சட்டம். "நான் போடவில்லை டீச்சர், அது எடுத்துக்கொண்டது" என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்று அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பையை மூடு" என்றார்.

ஏரியிலிருந்து ஓர் ஓடை ஐஸுக்கு அடியில் போகிறது. ஓர் இடத்தில் ஐஸ் விட்டிருந்தது. குனிந்து பார்த்தால் கூழாங்கல் ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்ளலாம். எங்களுக்கு மேலே இருக்கும் மலைமுகட்டில்தான் இந்த நாட்டின் தண்ணீர் பிரிகிறது. அந்தப் பக்கம் விழுந்தால் பசிபிக், இந்தப் பக்கம் விழுந்தால் மிசிசிப்பி வரைக்கும் போய் மெக்சிகோ வளைகுடா. கையில் அள்ளிப் பார்த்தேன். விரல் மரத்துப்போனது. நம் நொய்யலும் வெள்ளியங்கிரி மலையிலிருந்து இப்படித்தானே புறப்படுகிறது? திருப்பூருக்கு வந்து சேரும்போது அதற்கு என்ன நிறம் என்று நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரனுக்கு அந்த வருஷம் எந்த நிறம் பிடித்ததோ, அந்த நிறம். இதை டீச்சரிடம் சொல்லவில்லை. மதுரைக்காரரிடமும் சொல்லவில்லை, அவர் பதிலுக்கு வைகையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு மணிக்கெல்லாம் சூரியன் முகட்டுக்குப் பக்கம் போய்விட்டது. நவம்பர் முதல் ஞாயிறன்று அரசாங்கமே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டதால் சாயங்காலம் ஐந்துக்குள் நன்றாக இருட்டிவிடுகிறது. இறங்கினோம். இறங்கும்போது மூச்சு வாங்கவில்லை, பேச்சு வந்தது. ஊதாச் சட்டை தைரியம்.

நிம்ஃப் ஏரிக்குக் கொஞ்சம் கீழே ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. தெலுங்குக்காரர்கள். மகன் முன்னால். ஜீன்ஸ், சாதாரண ஷூ. பின்னால் அப்பா, குரங்குக் குல்லாய், மப்ளர், பாறையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. உங்கள் வயதுதான் இருக்கும். ஊரிலிருந்து பேரன் பேத்தியைப் பார்க்க வந்திருப்பார். மகனைத் தனியாக நிறுத்தி உண்மையைச் சொன்னேன்: முதல் ஏரியோடு திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் ஐஸ், இந்த ஷூ நிற்காது, காற்று வேறு. ஜீன்ஸைக் காட்டி, பருத்தி கொல்லும் என்றும் சொன்னேன். யார் சொல்வது பாருங்கள். அவன் தலையாட்டினான். அதற்குள் பெரியவர் வந்துவிட்டார். இங்கிலீஷில்தான் கேட்டார், அந்த ஏரி இன்னும் எவ்வளவு தூரம் என்று. மதுரைக்காரருடைய கடிகாரத்தில் அடி, மைல் எல்லாம் இருந்தது. சரியாகச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், பாறையில் ஊன்றிய கையைப் பார்த்தேன். என் வாயில் தமிழ்தான் வந்தது.

"இதோ வந்துருச்சுங்க. அடுத்த திருப்பந்தான்."

அவருக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. ஆனால் சிரித்தார். குல்லாயைச் சரி செய்துகொண்டு கையைப் பாறையிலிருந்து எடுத்தார். நான் என்ன சொன்னேன் என்று டீச்சர் கேட்டார். சொன்னேன். "அடுத்த திருப்பம் இல்லையே, இன்னும் மூன்று இருக்கிறதே" என்றார்.

அந்தப் பொய்க்குத் தண்டனை உடனே கிடைத்துவிட்டது. கார் நிறுத்துமிடம் கண்ணுக்குத் தெரிந்ததும் முள்சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டேன். டீச்சர் கழற்றவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை. ஐம்பது அடி நடந்திருப்பேன். மர நிழலில், வெயில் படாத இடத்தில், கண்ணாடி மாதிரி ஒரு பட்டை. இரண்டு காலும் எனக்கு முன்னால் போய்விட்டன. உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது, உட்கார வைக்கப்பட்டேன். பெரியம்மாவிடம், எலும்புக்கு ஒன்றும் இல்லை, சதைதான் என்று சொல்லுங்கள். அந்த ஓர் இடத்தில் சதைக்குப் பஞ்சமில்லை என்று உங்கள் மருமகளும் சாட்சி சொல்லுவாள். இன்று காலை முதல் தலையணை போட்டுத்தான் உட்கார்கிறேன். இந்தக் கடிதத்தில் பாதி நின்றுகொண்டே எழுதியது.

உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, பெரியப்பா. டிசம்பர் கடைசியில் ஒரு தடவை போகலாம் என்கிறார் டீச்சர். அப்போது குளிர்காலம் முறைப்படி ஆரம்பித்திருக்குமாம். ரசம் யார் முறை என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

பெரியம்மாவுக்கு நமஸ்காரம். உங்கள் வெள்ளியங்கிரித் தடியைப் பரண் மேல் போட்டுவிடாதீர்கள், கரையான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பின்குறிப்பு: பனியன் காரின் ஹீட்டரில் இளகி, வீட்டுக்கு வருவதற்குள் காய்ந்துவிட்டது. துவைத்துப் பார்த்தேன். ஒரு நூல் பிரியவில்லை, சுருங்கவில்லை, கழுத்துக்கூட லொடலொடக்கவில்லை. இந்தக் கடிதத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டுக்குள்ளே அதை அடிக்க ஆளில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு டஜன் கொடுத்தனுப்புங்கள். கை வைத்தது, வெள்ளை, 90 சைஸ். வேண்டாம், 95ஆகவே கொடுத்துவிடுங்கள். டீச்சருக்கும் இரண்டு வேண்டுமாம். வெயில்காலத்துக்கு.